டேர்டெவில்: ஒரே சீசனுக்குள் ஏன் இரண்டு தொடர்கள்?

‘டேர்டெவில்: பார்ன் அகெய்ன்’ முதல் சீசனின் கடைசி எபிசோட் 2025 ஏப்ரல் 15 அன்று டிஸ்னி பிளஸ் தளத்தில் வந்தது. நியூயார்க் இருளில் மூழ்குகிறது. மேயரும் தொடரின் வில்லனுமான வில்சன் ஃபிஸ்க் போலீஸ் கமிஷனரின் தலையைத் தன் வெறுங்கையால் நசுக்குகிறார், பிறகு ராணுவச் சட்டம் என்று அறிவிக்கிறார். பார்த்து முடித்த பலருக்கு வாயடைத்துப் போனது. கூடவே ஒரு குழப்பமும் வந்தது: மூன்று வாரத்துக்கு முன்பு ஒரு வங்கிக் கொள்ளையைக் கலகலப்பாகக் காட்டிக்கொண்டிருந்ததும் இதே தொடர்தானா? முதல் எபிசோடில் ஒரு வேகம், நடுவில் வேறொரு நடை, கடைசி இரண்டில் மறுபடியும் அந்த முதல் வேகம். எழுத்தாளர்கள் தடுமாறினார்களா?

ஒரு வகையில் ஆமாம். ஆனால் தடுமாறியவர்கள் ஒரு குழு, நிமிர்த்தி வைத்தவர்கள் வேறொரு குழு. இரண்டு குழுக்களின் வேலையும் ஒரே சீசனுக்குள் இருக்கிறது. அது எப்படி நடந்தது என்பதைப் புரிந்துகொள்ள, கதைக்கு வெளியே ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். (இனி வருவதில் கதைத் திருப்பங்கள் எல்லாம் வெளிப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.)

## உரிமை யாரிடம் இருந்தது

டேர்டெவில் என்கிற மேட் மர்டாக் 1964-ல் மார்வெல் காமிக்ஸில் அறிமுகமானவர். பார்வையற்ற வழக்கறிஞர். பகலில் நீதிமன்றம், இரவில் முகமூடி. காமிக்ஸை விட அவரைத் திரைக்குக் கொண்டுவரும் உரிமைதான் அதிகம் அலைந்தது.

1. 2003-ல் வந்த திரைப்படம் ஃபாக்ஸ் நிறுவனத்துடையது. அடுத்த படத்தை ஃபாக்ஸ் குறித்த காலத்துக்குள் தொடங்காததால் உரிமை மார்வெலுக்கே திரும்பியது. இது 2013-ல் உறுதியானது.

2. அதே 2013 நவம்பரில் மார்வெலும் நெட்ஃபிளிக்ஸும் ஒப்பந்தம் போட்டன. டேர்டெவில், ஜெசிகா ஜோன்ஸ், லூக் கேஜ், அயர்ன் ஃபிஸ்ட் என நான்கு தொடர்கள், நால்வரும் சேரும் ‘தி டிஃபெண்டர்ஸ்’ என்று ஒன்று. டேர்டெவில் முதலில் வந்தது, 2015 ஏப்ரல் 10-ல். சார்லி காக்ஸ் மேட் ஆகவும், வின்சென்ட் டொனோஃப்ரியோ ஃபிஸ்க் ஆகவும் மனதில் பதிந்தது அப்போதுதான். சீசனுக்கு 13 வீதம் மூன்று சீசன்கள், மொத்தம் 39 எபிசோடுகள்.

3. இவற்றைத் தயாரித்தது மார்வெல் டெலிவிஷன். அவெஞ்சர்ஸ் படங்களை எடுத்தது கெவின் ஃபைகியின் மார்வெல் ஸ்டூடியோஸ். இரண்டும் மார்வெல்தான், ஆனால் மேலிடம் வேறு. 2015-க்குப் பிறகு ஃபைகி நேரடியாக டிஸ்னியின் திரைப்படப் பிரிவின் கீழ் வந்தார். தொலைக்காட்சிப் பிரிவு பழைய நிர்வாகத்தின் கீழேயே இருந்தது. அதனால்தான் நெட்ஃபிளிக்ஸ் தொடர்கள் படங்களைப் பற்றிப் பேசின, படங்கள் அந்தத் தொடர்களைக் கண்டுகொள்ளவே இல்லை.

4. 2018 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் டேர்டெவிலை நிறுத்தியது. மூன்றாம் சீசன் வந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. நிறுத்திய பிறகு குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு அந்தக் கதாபாத்திரங்களை வேறெங்கும் பயன்படுத்தக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனை இருந்ததாக அமெரிக்கத் திரைத்துறைப் பத்திரிகையான வெரைட்டி எழுதியது.

5. 2019-ன் இறுதியில் மார்வெல் டெலிவிஷன் கலைக்கப்பட்டு ஸ்டூடியோஸுடன் சேர்க்கப்பட்டது. 2021 டிசம்பரில், ஒரே வாரத்தில், ஃபிஸ்க் ‘ஹாக்ஐ’ தொடரிலும் மேட் மர்டாக் ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ படத்திலும் தலைகாட்டினார்கள். 2022 மார்ச்சில் பழைய தொடர்கள் நெட்ஃபிளிக்ஸை விட்டு டிஸ்னி பிளஸுக்கு மாறின.

## அதே ஆளா, வேறு ஆளா?

இங்கேதான் ரசிகர்களின் முதல் குழப்பம். நடிகர் அதே சார்லி காக்ஸ். ஆனால் 2015-ல் தொடங்கிய கதை இந்த மேட்டுக்கு நடந்ததா, அல்லது பெயரும் முகமும் மட்டும் ஒன்றா? கேனன் என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான்: உரிமையாளரே ‘ஆமாம், இது நடந்த கதை’ என்று ஒப்புக்கொண்ட பகுதி.

2022-ல் ‘ஷீ-ஹல்க்’ தொடரில் வந்த மேட் மஞ்சளும் சிவப்புமான உடையில், சிரித்துப் பேசிக் காதல் செய்தார். நெட்ஃபிளிக்ஸில் பார்த்த, குற்ற உணர்வில் குமைந்துகொண்டிருந்த ஆளோடு அவரைப் பொருத்திப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. மார்வெலும் தெளிவாக எதுவும் சொல்லாமல் மழுப்பியது. 2024 ஜனவரியில் ‘எக்கோ’ தொடர் வந்த சமயத்தில்தான் டிஸ்னி பிளஸின் காலவரிசைப் பட்டியலில் நெட்ஃபிளிக்ஸ் தொடர்களும் இடம்பெற்றன. அதாவது ‘பார்ன் அகெய்ன்’ படப்பிடிப்பு தொடங்கி ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சீசனின் இரட்டை முகத்துக்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது: முதல் குழு எழுதிக்கொண்டிருந்த காலத்தில், பழைய 39 எபிசோடுகளுக்கு எவ்வளவு விசுவாசமாக இருக்க வேண்டும் என்று யாரும் முடிவு செய்திருக்கவில்லை.

## ஷோரன்னர் இல்லாத கடை

மீதிப் பாதிக் காரணம் வேலை நடந்த விதத்தில் இருக்கிறது.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு தொடரின் முதலாளி எழுத்தாளர். ஷோரன்னர் என்பது அவருடைய பதவி. கதை அறையை நடத்துவது, எந்த நடிகர் வேண்டும் என்று சொல்வது, படத்தொகுப்பு மேஜையில் கடைசி முடிவை எடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இயக்குநர் எபிசோடுக்கு எபிசோட் மாறலாம், ஷோரன்னர் மாறமாட்டார். அதனால்தான் முதல் எபிசோடும் பதின்மூன்றாம் எபிசோடும் ஒரே குரலில் பேசுகின்றன.

சினிமாவில் கதை வேறு. அங்கே எழுத்தாளர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். இயக்குநரும் தயாரிப்பாளரும்தான் எல்லாம்.

மார்வெல் ஸ்டூடியோஸ் தொடர்கள் எடுக்க வந்தபோது சினிமா முறையை அப்படியே கொண்டுவந்தது. ஷோரன்னருக்குப் பதிலாகத் தலைமை எழுத்தாளர். அவருக்குப் பெயர் இருக்கும், கடைசி வார்த்தை இருக்காது. அது ஸ்டூடியோ அதிகாரிகளிடம் இருந்தது. பைலட் எடுக்கும் வழக்கமும் கிடையாது. பைலட் என்பது சோதனைக்கு ஒரே ஒரு எபிசோட் எடுத்துப் பார்த்து, தேறுமா என்று முடிவு செய்வது. அதைத் தவிர்த்துவிட்டு, 15 கோடி டாலருக்கும் மேல் செலவு பிடிக்கும் சீசன்களை முழுதாக எடுத்து, தவறு இருந்தால் பிறகு மறுபடப்பிடிப்பில் சரிசெய்துகொள்ளலாம் என்று மார்வெல் நடந்ததாக ஹாலிவுட் ரிப்போர்ட்டர் பத்திரிகை 2023 அக்டோபரில் விரிவாக எழுதியது.

இரண்டு மணி நேரப் படத்தில் இந்த உத்தி ஓரளவு பலிக்கும். இருபது நிமிடத்தை வெட்டி, இருபது நிமிடத்தைச் சேர்த்தால் படம் தேறிவிடும். ஒரு சீசனில் அப்படி முடியாது. மூன்றாம் எபிசோடில் ஒரு செங்கல்லை உருவினால் ஏழாம் எபிசோட் இடிந்து விழும்.

‘பார்ன் அகெய்ன்’ இந்த முறையில்தான் தொடங்கியது. 2022 ஜூலையில் சான் டியாகோ காமிக்கான் ரசிகர் விழாவில் 18 எபிசோடுகள் என்று அறிவித்தார்கள். தலைமை எழுத்தாளர்கள் கிறிஸ் ஓர்ட், மேட் கோர்மன். 2023 மார்ச்சில் நியூயார்க்கில் படப்பிடிப்பு.

## வேலைநிறுத்தம் தந்த இடைவெளி

2023 மே 2-ல் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. ஜூலை 14-ல் நடிகர் சங்கமும் சேர்ந்துகொண்டது. ஹாலிவுட் நின்றுபோனது.

நின்றுபோனதால், எடுத்ததை உட்கார்ந்து பார்க்க அதிகாரிகளுக்கு நேரம் கிடைத்தது. 18-ல் பாதிகூட முடிந்திருக்கவில்லை. அதே ரிப்போர்ட்டர் செய்தியில் ஒரு விவரம் உண்டு: நான்காம் எபிசோட் வரை சார்லி காக்ஸ் டேர்டெவில் உடையையே போடவில்லை. வழக்கறிஞர் தொடராகவே அது வளர்ந்திருந்தது. வாரம் ஒரு வழக்கு, அந்த வாரமே தீர்ப்பு என்று போகிற வகைத் தொடர்கள் உண்டு. ஒரே கதையை அத்தியாயம் அத்தியாயமாக நீட்டிச் செல்கிற வகையும் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் டேர்டெவில் இரண்டாம் வகை. புதியது முதல் வகையை நோக்கிச் சாய்ந்திருந்தது. அதில் பாவம் எதுவும் இல்லை, ஆனால் அந்தப் பெயரைப் பார்த்து வருகிறவர்கள் எதிர்பார்த்தது அதை இல்லை.

2023 இலையுதிர் காலத்தில் இரு தலைமை எழுத்தாளர்களும் விலக்கப்பட்டார்கள். ‘தி பனிஷர்’ தொடரில் எழுதிய டாரியோ ஸ்கார்டபேன் ஷோரன்னராக வந்தார். அந்தப் பதவிப் பெயரோடேதான். ‘லோக்கி’ இரண்டாம் சீசனில் பணியாற்றிய ஜஸ்டின் பென்சன், ஆரன் மூர்ஹெட் இரட்டையர் இயக்கத்துக்கு வந்தார்கள். 18 எபிசோடுகள் இரண்டு சீசன்களாகப் பிரிக்கப்பட்டன.

எடுத்ததை எல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். அவ்வளவு பணத்தைக் குப்பையில் போட யாருக்கும் மனம் வராது. அவர்கள் எடுத்த முடிவு: பழைய காட்சிகளில் பெரும்பகுதியை வைத்துக்கொள்வது, அவற்றுக்கு முன்னும் பின்னும் புதிதாக எழுதுவது. 2024 ஜனவரியில் கேமரா மறுபடி ஓடத் தொடங்கியது.

## ஒட்டு எங்கே தெரிகிறது

ஒவ்வொரு எபிசோடின் இயக்குநர் பெயரையும் பாருங்கள். 1, 8, 9 மூன்றிலும் பென்சன், மூர்ஹெட். இவை மூன்றும் புதிய குழு எடுத்தவை. 2 முதல் 7 வரை வேறு பெயர்கள். இவை பெரும்பாலும் 2023-ல் எடுத்தவை, ஆங்காங்கே புதிய காட்சிகள் செருகப்பட்டவை. சீசனின் வேகம் ஏறி இறங்குவது ஏறக்குறைய இந்தக் கோட்டின் மீதுதான்.

ஸ்கார்டபேன் முன்னால் இருந்த கணக்கு வினோதமானது. கையில் இருந்த காட்சிகளில் மேட் முகமூடியை விட்டுவிட்டார். கிர்ஸ்டன் மெக்டஃபி என்ற புதிய பங்குதாரரோடு அலுவலகம் நடத்துகிறார். ஹெதர் கிளென் என்ற மனநல ஆலோசகரைக் காதலிக்கிறார். பழைய நண்பர்கள் ஃபாகி நெல்சனும் கேரன் பேஜும் கண்ணிலேயே படவில்லை. காரணம் எளிது: முதல் திட்டத்தில் எல்டன் ஹென்சனும் டெபோரா ஆன் வோலும் ஒப்பந்தம் செய்யப்படவே இல்லை. 39 எபிசோடுகள் அந்த மூவரின் நட்பைப் பார்த்தவர்களிடம் இதை எப்படி நியாயப்படுத்துவது? விளைவு ஏற்கெனவே படமாகிவிட்டது, காரணத்தை இப்போது எழுத வேண்டும்.

முதல் எபிசோடின் முதல் பதினைந்து நிமிடங்களைத் திரும்பப் பார்த்தால், அந்தக் காரணங்கள் ஒவ்வொன்றாக வரிசையில் வந்து நிற்பது தெரியும்.

1. ஜோசி மதுக்கடையில் மூவரும் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெளியே புல்ஸ்ஐ என்னும் பாயின்டெக்ஸ்டர் ஃபாகியைச் சுடுகிறான். இப்போது ஃபாகி ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது.

2. மேட் முழு உடையில் வந்து மோதுகிறார். கடைக்குள் தொடங்கி, படிக்கட்டில் ஏறி, மொட்டை மாடி வரை வெட்டே இல்லாதது போல நீளும் சண்டை. ‘நான்காம் எபிசோட் வரை உடை இல்லை’ என்ற பழைய குறை முதல் சில நிமிடங்களிலேயே அடைபட்டது.

3. கீழே தெருவில் ஃபாகியின் இதயத்துடிப்பு நிற்பது மாடியில் இருக்கும் மேட்டின் காதில் விழுகிறது. அடுத்த நொடி பாயின்டெக்ஸ்டரை அவர் மாடியிலிருந்து தள்ளிவிடுகிறார். அவன் பிழைத்துக்கொள்கிறான், ஆனால் மேட் கொல்லத்தான் தள்ளினார். முகமூடியைக் கழற்றக் காரணம் கிடைத்துவிட்டது.

4. கதை ஒரு வருடம் தாவுகிறது. கேரன் சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபோய்விட்டாள். நடுவில் உள்ள ஆறு எபிசோடுகளில் அவள் ஏன் இல்லை என்பதும் தீர்ந்தது.

எழுத்து வேலையாக இதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. முன்பே நடித்து முடித்த காட்சிகளில் சார்லி காக்ஸ் முகத்தில் இருந்த களைப்பு, இந்தத் தொடக்கத்துக்குப் பிறகு துக்கமாகத் தெரிகிறது. அந்த முகத்தில் எதுவும் மாறவில்லை, அதற்கு முன்னால் வைத்த காட்சிதான் மாறியது.

மறுமுனையில் 8, 9 இரண்டும் அந்தக் கொலைக்கே ஒரு காரணத்தைத் தேடிக் கொடுக்கின்றன. பாயின்டெக்ஸ்டரை ஏவியது ஃபிஸ்கின் மனைவி வனெஸ்ஸா. ரெட் ஹுக் துறைமுகத்துக்கு நகரச் சட்டம் எட்டாத தனி அந்தஸ்து உண்டு என்பதை ஃபாகி தன் கடைசி வழக்கில் நெருங்கிவிட்டார், அதனால் கொல்லப்பட்டார். அதே துறைமுகத்தில்தான் சீசன் முடியும்போது ஃபிஸ்க் தன் எதிரிகளைக் கூண்டில் அடைத்து வைக்கிறார். வனெஸ்ஸா விஷயத்தில் இன்னொரு மறைவான ஒட்டும் உண்டு: 2023-ல் அந்த வேடத்துக்கு சாண்ட்ரின் ஹோல்ட் எடுக்கப்பட்டிருந்தார். மாற்றத்துக்குப் பிறகு நெட்ஃபிளிக்ஸ் காலத்து அயலெட் ஸூரர் திரும்ப வந்தார், காட்சிகள் மறுபடி எடுக்கப்பட்டன. திரையில் இது துளியும் தெரியவில்லை.

தெரிகிற இடம் ஐந்தாம் எபிசோட். மேட் அலுவலகத்துக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போகிறார், கிடைக்கவில்லை, வெளியே கிளம்பும் நேரத்தில் கொள்ளைக்காரர்கள் நுழைகிறார்கள். வங்கி உதவி மேலாளர், மிஸ் மார்வெல் என்ற இன்னொரு மார்வெல் நாயகியின் அப்பா யூசுஃப் கான். தனியாகப் பார்த்தால் ரசிக்கத்தக்க எபிசோட். மோகன் கபூரின் வெகுளித்தனமும் காக்ஸின் நிதானமும் நன்றாகப் பொருந்துகின்றன. ஆனால் அதை மொத்தமாக நீக்கிவிட்டாலும் சீசனின் கதையில் எதுவும் குறையாது. வாரம் ஒரு வழக்கு என்ற பழைய திட்டம் உருக்குலையாமல் எஞ்சியிருக்கும் இடம் அது. அதையும் ஆறாம் எபிசோடையும் ஒரே நாளில் வெளியிட்டார்கள். மேட் மறுபடி உடை அணிவது ஆறில். வங்கிக் கதையோடு மட்டும் ஒரு வாரம் காத்திருக்க வைத்தால் ஆட்கள் கழன்றுவிடுவார்கள் என்ற பயம் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

## பழையது எல்லாம் மோசமா?

புதிய குழு காப்பாற்றியது, பழைய குழு கெடுத்தது என்று ரசிகர்கள் சுருக்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. சீசனின் ஆகச் சிறந்த நீதிமன்றப் பகுதி, வைட் டைகர் என்ற முகமூடி வீரரான ஹெக்டர் அயாலாவின் வழக்கு, நடுவில் உள்ள மூன்றாம் எபிசோடில்தான் இருக்கிறது.

சுரங்க ரயில் நிலையத்தில் ஒருவனை இருவர் அடிக்கிறார்கள். ஹெக்டர் குறுக்கே போகிறார். கைகலப்பில் ஒருவன் ரயில் முன் விழுந்து சாகிறான். அவன் மாறுவேடத்தில் இருந்த போலீஸ். சாட்சி பின்வாங்குகிறான். வேறு வழியில்லாமல் மேட் தன் கட்சிக்காரரின் ரகசிய அடையாளத்தை நீதிமன்றத்திலேயே போட்டு உடைக்கிறார். ஜூரி விடுதலை செய்கிறது. எபிசோட் முடிவதற்குள் குற்றவாளிகளைக் கொல்லும் பனிஷரின் மண்டையோட்டுச் சின்னம் அணிந்த ஒருவன் ஹெக்டரைச் சுட்டுக் கொல்கிறான்.

சட்டத்தால் ஒருவரைக் காப்பாற்றி, அந்தச் சட்டப் போராட்டமே அவரைக் காட்டிக் கொடுத்ததாக முடிகிறது. மேட் மர்டாக் என்ற பாத்திரத்தின் சிக்கலை இதைவிடக் கச்சிதமாகச் சொன்ன எபிசோட் இந்த சீசனில் இல்லை. ஹெக்டராக நடித்த காமார் டி லோஸ் ரேயெஸ் 2023 டிசம்பரில் காலமானார், தொடர் வெளியாவதை அவர் பார்க்கவில்லை.

புதிய பகுதியில் குறை இல்லாமலும் இல்லை. ஃபாகியின் மரணம் கதைக்குள்ளிருந்து பிறந்ததாகத் தோன்றவில்லை, இரண்டு படப்பிடிப்புகளை ஒட்டும் பசையாகத்தான் தெரிகிறது. மூன்று சீசன் கூடவே வந்த ஒரு மனிதர், வந்த சில நிமிடங்களில் நடைபாதையில் கிடக்கிறார். அவருக்கு ஏன் அந்தக் கதி என்று தெரிய எட்டு எபிசோடுகள் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கொலைகாரன் மியூஸின் கதையும் ஏழாம் எபிசோடில் அவசரமாக முடிக்கப்படுகிறது. ஹெதர் அவனைச் சுட, அந்தப் பெயரை ஃபிஸ்கின் சிறப்புப் படை தட்டிக்கொள்கிறது. 18 எபிசோடுக்குத் திட்டமிட்ட வில்லனை ஒன்பதுக்குள் அடைத்தால் இப்படித்தான் மூச்சு முட்டும்.

## இதனால் என்ன மாறியது

ஒரு தொடரோடு இது நிற்கவில்லை. இந்தக் குளறுபடிக்குப் பிறகு மார்வெல் ஷோரன்னர் முறைக்கு வந்தது. வெளியீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்தது. கலைத்துப்போட்ட மார்வெல் டெலிவிஷன் என்ற பெயரையே 2024-ல் மறுபடி தூசு தட்டி எடுத்தது. இரண்டாம் சீசன் படப்பிடிப்பு 2025 தொடக்கத்தில், முதல் சீசன் ஒளிபரப்பாகும் முன்பே ஆரம்பமாகிவிட்டது. முதல் வரியிலிருந்தே அது ஸ்கார்டபேன் குழுவின் வேலை, வேறு யாருடைய காட்சிக்கும் காரணம் கண்டுபிடிக்கும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஜெசிகா ஜோன்ஸாக கிறிஸ்டன் ரிட்டர் திரும்புவார் என்று 2025 மே மாதம் அறிவித்தார்கள்.

## பழையதைப் பார்க்காதவர்களுக்கு

39 எபிசோடுக்கும் நேரமில்லை என்றால்:

1. நெட்ஃபிளிக்ஸ் காலத்து முதல் சீசன் முழுவதும். ஃபிஸ்க்–வனெஸ்ஸா உறவு தொடங்குவது இங்கே.

2. மூன்றாம் சீசன் முழுவதும். பாயின்டெக்ஸ்டர் யார், ஃபிஸ்க் அவனை எப்படி உடைத்தார் என்பது இதில்தான் வருகிறது. ‘பார்ன் அகெய்ன்’ கடைசி எபிசோடின் கோபம் முழுதாகப் புரிய இது அவசியம்.

3. இரண்டாம் சீசனில் முதல் நான்கு எபிசோடுகள் போதும். பனிஷர் எனப்படும் ஃபிராங்க் காஸிலும் மேட்டும் கொலை சரியா தவறா என்று வாதாடுவது அங்கே.

4. ‘ஹாக்ஐ’ கடைசி இரண்டு எபிசோடுகள், பிறகு ‘எக்கோ’. மேயர் தேர்தலில் நிற்கும் எண்ணம் ஃபிஸ்குக்கு உதிப்பது ‘எக்கோ’வின் முடிவில், பெயர்ப் பட்டியலின் நடுவே வரும் காட்சியில்.

‘ஷீ-ஹல்க்’ கதைக்குத் தேவையில்லை. ஆனால் அதன் எட்டாம் எபிசோடில் மேட் மர்டாக் மனம்விட்டுச் சிரிக்கிறார். இந்த சீசனில் முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு அதற்கு அவருக்கு வாய்ப்பே கிடைக்காது என்பதால், அதையும் பார்த்து வைக்கலாம்.